போலிச் சட்ட குருக்கள்

அரசின் சட்டத்துக்குக் கட்டுப்படாமல் இருக்க ரகசிய வழி உண்டென்று சொல்லி, அதைக் காசுக்குக் கற்றுத் தருகிறவர்கள் போலிச் சட்ட குருக்கள். சம்பளம் வருமானமே அல்ல என்பார்கள்; முழுக்க கேப்பிடல் எழுத்தில் அச்சான பெயர் உங்களைக் குறிக்காது, அரசு உருவாக்கிய வேறொரு நபரையே குறிக்கும் என்பார்கள். அமெரிக்க வரி எதிர்ப்புக் குழுக்களிடையே வேர்விட்ட இந்தப் போக்கு கனடாவுக்கும் பரவியது.

ஏமாறுகிறவர்கள் படிக்காதவர்கள் என்று எண்ணுவது தவறு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானி ஜான் சீக் 1979 வரை ஒழுங்காக வருமான வரிக் கணக்குக் கொடுத்தவர். வரி எதிர்ப்புக் குழு ஒன்றின் கூட்டங்களுக்குப் போனபின் அதை நிறுத்திவிட்டார். அங்கே பேசியவர்களில் சிலர் தங்களை வழக்கறிஞர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். அதனால் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்ட அவரது வழக்கில், 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. சட்டத்தை உண்மையிலேயே தவறாகப் புரிந்துகொண்டவர் வேண்டுமென்றே குற்றம் செய்தவராக மாட்டார்; ஆனால் வரிச் சட்டமே செல்லாது என்று நம்பினேன் என்பது தப்பிக்க உதவாது என்றது. மறுவிசாரணையிலும் சீக் குற்றவாளி என்றே முடிவானது.

குரு தரும் பாடம் படிப்பாளிக்குப் பழகிய உருவில்தான் வருகிறது: சட்டப் பிரிவு எண்கள், அகராதிப் பொருள், பழைய தீர்ப்புகளிலிருந்து பிய்த்தெடுத்த வரிகள். புத்தகத்தையும் கையேட்டையும் படித்தே முன்னுக்கு வந்தவருக்கு, சட்டத்தையும் அப்படியே கற்றுவிடலாம் என்ற துணிச்சல் எளிதில் வரும். அந்த மேற்கோள் எந்த நீதிமன்றத்துடையது, பெரும்பான்மைத் தீர்ப்பா மாற்றுக் கருத்தா, பின்னால் ரத்தானதா என்று பார்க்கும் பயிற்சி அவருக்கு இல்லை. வரிப் பாக்கியோ விவாகரத்து வழக்கோ கழுத்தை நெரிக்கும்போது, நம்பவேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்கிறது. குரு சொன்னபடி அரசு அலுவலகத்துக்குக் கடிதம் போகும்: இத்தனை நாளில் மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகப் பொருள். பெரும்பாலும் பதில் வராது. அந்த மௌனத்தைச் சீடர் வெற்றியாக எடுத்துக்கொள்கிறார். அரசு இயந்திரம் மெல்லத்தான் நகரும்; நோட்டீஸ் வருவதற்குள் வட்டியும் அபராதமும் ஏறிவிடும். இதுதான் இந்த வணிகத்தின் கொடுமையான பகுதி.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண நீதிபதி ஜான் ரூக், 2012இல் மீட்ஸ் எதிர் மீட்ஸ் என்ற விவாகரத்து வழக்கில், 736 பத்திகள் கொண்ட தீர்ப்பில் இந்த வாதங்களை ஒவ்வொன்றாக உடைத்தார். சீடர்களுக்கும் அதில் அறிவுரை உண்டு: இந்த வழிமுறை வென்ற ஒரு வழக்கையாவது காட்டும்படி குருவிடம் கேளுங்கள், அவரே இதைப் பயன்படுத்துகிறாரா என்றும் கேளுங்கள். ‘இயற்கை மனிதர்’ வரி கட்ட வேண்டியதில்லை என்று கனடாவில் வகுப்பு நடத்திய ரஸ்ஸல் பொரிஸ்கிக்கு 2016இல் ஐந்தரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் பாடத்தை நம்பி வரி கட்டாமல் விட்ட சீடர்கள் பலரும் தனித்தனியே தண்டனை பெற்றார்கள்.