முடியில்லாத எலி சொன்ன பாடம்

1962-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள ருச்சில் மருத்துவமனையின் வைரஸ் ஆய்வுக்கூடம். அங்கே நார்மன் கிரிஸ்ட் என்பவர் வளர்த்த எலிகளிடையே, உடம்பில் முடியே இல்லாத சில எலிகள் தென்பட்டன.

இது பரம்பரையாக வரும் மரபணு மாற்றம் என்று 1966-ல் ஃபிளானகன் விளக்கினார். அந்த மாற்றத்துக்கு 'நியூட்' என்று பெயர் வைத்தார். ஆனால் முடி இல்லாத எலிகள் ஏன் சீக்கிரமே செத்துப் போகின்றன?

1968-ல் பேன்டலூரிஸ் விடை கண்டார். அந்த எலிகளின் நெஞ்சுப் பகுதியில் தைமஸ் சுரப்பியே இல்லை!

தைமஸுக்கு என்ன வேலை என்பதே 1961 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு ஜாக் மில்லர், லண்டனில், பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவற்றின் நோய் எதிர்ப்புச் சக்தி குலைந்தது. மில்லர் கத்தியால் செய்ததை, கிளாஸ்கோ எலிகளில் இயற்கையே செய்திருந்தது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் இளம் செல்கள் தைமஸுக்குப் போய்த்தான் டி-செல்களாகத் தேறுகின்றன. அந்த எலிகளில் மாணவர்கள் உண்டு, பள்ளிக்கூடம் இல்லை.

1969-ல் கோபன்ஹேகனில் ரிகார்ட், பவுல்சன் இருவரும் மனிதக் குடல் புற்றுக்கட்டியை இந்த எலிகளுக்குள் வைத்தார்கள். அந்நியத் திசுவை விரட்ட ஆள் இல்லாததால் கட்டி வளர்ந்தது. புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்க ஒரு புது வழி திறந்தது.

அடுத்த அதிர்ஷ்டம் அமெரிக்காவில். பிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில், கேல் போஸ்மா, மெல்வின் போஸ்மா தம்பதியர் சில எலிகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருளே இல்லாததைக் கவனித்தார்கள். 1983-ல் வெளியான இந்த 'ஸ்கிட்' எலிகளில் கோளாறு வேறு. டி-செல், பி-செல் இரண்டுமே வளரும்போது தங்கள் டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். இங்கே வெட்டு விழுகிறது, ஒட்டுதான் சரியாக நடப்பதில்லை. செல்கள் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. 1988-ல் இந்த எலிகளுக்குள் மனித நோய் எதிர்ப்புச் செல்களை வாழவைத்தார்கள். எலியைத் தொற்றாத எச்.ஐ.வி.யை எலிக்குள் வைத்தே ஆராய முடிந்தது.

நியூட் எலியின் பழுதான மரபணு 1994-ல் பிடிபட்டது. இத்தாலியில், பிறவியிலேயே முடியும் இன்றி, டி-செல் குறைபாட்டோடும் இருந்த இரு சகோதரிகளுக்கு அதே மரபணுதான் பழுது என்று 1999-ல் தெரிந்தது.

கூண்டில் கழிவு என்று தூக்கி எறிந்திருக்கக்கூடிய குட்டிகள் அவை. எறியாமல் 'ஏன்?' என்று ஒருவர் கேட்டதால்தான், முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு குழந்தைகளின் நோய்க்குக் காரணம் தெரிந்தது.