மொன்றியல் மறந்த ஐரிஷ் நாவலாசிரியை

எங்களுக்கு முன்னமே இந்த மொன்றியலுக்குத் தப்பி வந்தவர்கள் ஐரிஷ் மக்கள். 1847இல் பஞ்சத்துக்கு ஓடிவந்தவர்களில் ஏறக்குறைய 6000 பேர் தைபஸ் காய்ச்சலால் இங்கே மாண்டனர். விக்ரோறியாப் பாலத்தடியில் நிற்கிற கறுப்புக்கல் அவர்களின் நினைவுக்கல்தான்.

அந்த மக்களுக்காக எழுதியவர் மேரி ஆன் சட்லியர். 1820இல் அயர்லாந்தின் கவன் மாவட்டத்தில் பிறந்தவர். தகப்பன் இறந்தபின் 1844இல் இங்கு வந்து, 1846இல் பதிப்பாளர் ஜேம்ஸ் சட்லியரை மணந்தார். பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு ஏறக்குறைய 60 நூல்கள் எழுதினார். வீட்டு வேலைக்குப் போன ஐரிஷ் பெண்பிள்ளைகளைப் பற்றியும் எழுதினார்.

1855இல் வந்த ‘பிளேக்ஸ் அன்ட் பிளனகன்ஸ்’ நாவலில் நியூயோர்க்கில் வாழும் இரண்டு குடும்பங்கள். ஒன்று பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்புகிறது, மற்றது பொதுப் பள்ளிக்கு. அங்கே படித்ததுகள் தங்களை ஐரிஷ் என்று சொல்லவே வெட்கப்படுகுதுகள். எங்கட வீடுகளிலும் இந்தக் கதை நடக்குதுதானே?

அவர் சொன்ன தீர்வை நான் முழுக்க ஏற்கவில்லை. எங்கட பிள்ளையள் எல்லாரோடும் சேர்ந்து பிரெஞ்சு படிக்கத்தான் வேணும். ஆனால் பிள்ளை வெட்கப்படாமல் வளர, தன் சனத்தின் கதை அதன் கையில் இருக்கவேணும். அதை அவர் எழுதிக் கொடுத்தார்.

1903இல் இதே நகரில் கண்மூடினார். எங்கட கதையை இனி நாங்கள்தான் எழுதவேணும்.