மெழுகு விற்றவர்களின் கதை

இரவில் திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. உங்கள் கை முதலில் எதைத் தேடும்? முப்பது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியைக் கேட்டிருந்தால், தயங்காமல் "மெழுகுவத்தியை" என்று சொல்லியிருப்பீர்கள். இன்று கை தேடுவது செல்பேசியை. இந்தச் சிறு மாற்றத்தின் பின்னால் ஒரு நீண்ட வணிக வரலாறும் வேதியியல் வரலாறும் இருக்கின்றன.

மெழுகுவத்தி செய்பவரை நாம் எப்போதேனும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவருக்குப் பின்னால் நிற்கும் மற்றொருவரை நினைப்பதில்லை. மெழுகுக் கட்டி, திரிநூல், அலுமினிய அச்சு, வண்ணப்பொடி ஆகியவற்றை விற்பவரே அவர். தருமபுரி போன்ற ஊர்களில் குடிசைத் தொழிலாக மெழுகுவத்தி வார்த்தவர்களுக்கு அவரே ஆதாரம். அத்தகைய வணிகங்கள் ஏன் தேய்ந்தன? "மின்விளக்கு வந்தது, மெழுகுவத்தி போயிற்று" என்பது பாதி விடைதான். மறு பாதியைக் காண வேண்டுமானால், மெழுகு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஆமணக்கு எரிந்த நாடு

மெழுகுவத்தி நம் நாட்டில் பிறந்த விளக்கு அன்று. குளிர் நாடுகளில் ஆடு மாடுகளின் கொழுப்பு கட்டியாக உறைந்து நிற்கும். அதில் திரியை வைத்தால் வத்தி ஆயிற்று. நம்முடைய வெயிலில் அக்கொழுப்பு இளகி வழியும். மேலும், நமக்கு வித்துக்களிலிருந்து எண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே நாம் அகலையும் திரியையும் கொண்டோம்.

1965இல் தனி மாவட்டமாகும் வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மழை குறைந்த இப்பகுதியின் மானாவாரி நிலங்களுக்கு ஆமணக்கு ஏற்ற பயிர். ஆமணக்கெண்ணெய் கெட்டியானது, மெதுவாகவும் அதிகப் புகையின்றியும் எரியும். 19ஆம் நூற்றாண்டில் இந்திய ரயில்வே, பெட்டிகளின் விளக்குக்கும் சக்கர அச்சுகளின் உராய்வைக் குறைக்கவும் இவ்வெண்ணெயைப் பயன்படுத்தியது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற ரயில்பாதை 1860களின் தொடக்கத்தில் மொரப்பூர் வழியே இம்மண்ணைக் கடந்தது.

பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. மலிவாகக் கிடைத்தது, கண்ணாடிக் கூண்டு விளக்கில் பளிச்சென்று எரிந்தது. விளக்கெண்ணெய் என்ற பெயர் மட்டும் ஆமணக்குக்கு நிலைத்தது, விளக்கு போய்விட்டது. ஆயினும் ஆமணக்கு அழியவில்லை. மருந்து, சோப்பு, உயவுப் பொருள், வண்ணப்பூச்சு, நைலான் வகை என்று அதற்கு வேறு வேலைகள் கிடைத்தன. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. ஒரு பொருளுக்கு இரண்டாவது பயன் இருந்தால், முதல் பயன் போன பின்னும் அது வாழும். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

தேனீ தந்த மெழுகு

மெழுகுக்கு நம் மக்கள் புதியவர்கள் அல்லர். சித்தேரி போன்ற மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் பிற மலைமக்களும் தேனை எடுக்கும்போது உடன் கிடைப்பது தேன்மெழுகு. வேலைக்காரத் தேனீயின் அடிவயிற்றில் நான்கு இணைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து மெழுகு மெல்லிய செதில்களாக வெளிப்படுகிறது. தேனீ அதை வாயால் மென்று பதப்படுத்தி அடை கட்டுகிறது. ஒரு கிலோ மெழுகு உண்டாக்க, தேனீக்கள் ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ தேனை உண்டு தீர்ப்பதாகக் கணக்கிடுவர்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி சென்டிகிரேடில் உருகும். நம் கோடையிலும் வளையாது. எரியும்போது இனிய மணம் தரும். சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனிகளை வார்க்கத் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து முதலில் உரு செய்வது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

தேன்மெழுகின் நிலையான வாடிக்கையாளர் கத்தோலிக்கத் திருச்சபை. பீடத்தில் ஏற்றும் வத்திகளில் தேன்மெழுகே பெரும்பங்காக இருக்க வேண்டும் என்று 1904இல் ரோமாபுரி விதி வகுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் அந்த விதி தளர்ந்தது. விதி தளர்ந்ததும், விலை மலிந்த வேறு மெழுகு அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டது.

கொழுப்பைப் பிரித்த வேதியியல்

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம்; நம் ஊர்க் கடைக்கு வந்த மெழுகின் வழி அங்கேதான் தொடங்குகிறது. ஏழைகள் எரித்த கொழுப்பு வத்தி நாறும், புகையும், வழியும். இதைத் திருத்தியவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். கொழுப்பு என்பது ஒரே பொருளன்று, கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த கூட்டுப் பொருள் என்று அவர் காட்டினார். 1825இல் கே-லுஸாக்குடன் சேர்ந்து, அக்கொழுப்பு அமிலங்களிலிருந்து வத்தி செய்யக் காப்புரிமை பெற்றார். அவற்றுள் கெட்டியான ஸ்டியரிக் அமிலம் ஏறத்தாழ 69 டிகிரியில் உருகுவது. 1831இல் டி மில்லி என்பவர் சுண்ணாம்பைப் பயன்படுத்தி அதை மலிவாகப் பிரித்தெடுத்தார். பின்னிய திரி வந்ததும் மற்றொரு தொல்லை தீர்ந்தது. அத்திரி எரியும்போது வளைந்து சுடரின் ஓரத்துக்கு வந்து தானே சாம்பலாகிறது. அடிக்கடி கத்தரிக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். வத்தித் தொழிலில் கழிவாக நின்ற கிளிசரின், 1867இல் நோபல் டைனமைட்டைக் கண்ட பின் அரும்பொருளாயிற்று. ஒரு தொழிலின் கழிவு மற்றொரு தொழிலின் உயிராகிறது! மெழுகின் கதை முழுவதும் இதுவே.

மண்ணெண்ணெயின் உடன்பிறப்பு

1830இல் ஜெர்மானியரான ரைஹன்பாக் மரத்தாரிலிருந்து ஒரு வெண்ணிறப் பொருளைப் பிரித்தார். எதனுடனும் எளிதில் வினைபுரியாததால், 'உறவு குறைந்தது' என்று பொருள்படும் லத்தீன் சொற்களைக் கொண்டு அதற்குப் பாரபின் என்று பெயரிட்டார். 1850இல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங், நிலக்கரியை வாட்டி எண்ணெயும் பாரபினும் எடுக்கக் காப்புரிமை பெற்றார். மைக்கேல் பாரடே 1860-61இல் லண்டனில் சிறுவர்களுக்கு ஆற்றிய புகழ்பெற்ற மெழுகுவத்திச் சொற்பொழிவில், அயர்லாந்தின் சதுப்பு நிலத்திலிருந்து எடுத்த பாரபின் வத்தியையும் காட்டினார்.

அதே காலத்தில் பர்மாவின் மண்ணெண்ணெய்க் கிணறுகள் லண்டனின் பிரைஸ் கம்பெனிக்கு மெழுகு தரத் தொடங்கின. 1886இல் பர்மா ஆயில் கம்பெனி தோன்றியது. 1901இல் அசாமில் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அசாமின் கச்சா எண்ணெயில் மெழுகு மிகுதி. பின்னர் 1969இல் சென்னைக்கு அருகே மணலியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. காலப்போக்கில் அங்கும் பாரபின் மெழுகு எடுக்கப்பட்டது. அதன் மெழுகுப் பிரிவின் திறன் ஆண்டுக்கு 30,000 டன்.

சுத்திகரிப்பு ஆலை மெழுகுக்காகக் கட்டப்படுவதன்று என்பதை மறவாதீர்கள். இயந்திரங்களுக்கு உயவு எண்ணெய் செய்யும்போது, அதிலுள்ள மெழுகு இடையூறு செய்கிறது. குளிரில் எண்ணெயை உறையச் செய்கிறது. ஆகவே எண்ணெயோடு ஒரு கரைப்பானைக் கலந்து குளிர்வித்து, படிகமாகும் மெழுகை வடிகட்டி நீக்கினார்கள். அப்படி நீக்கியதே கட்டி கட்டியாகக் கடைக்கு வந்தது.

ஒதுக்கீட்டுக் காலம்

பாரபின் மெழுகு பல வாசல்களைத் தட்டும் பொருள். தீக்குச்சி நன்றாகப் பற்றி எரிய அதை மெழுகில் தோய்க்க வேண்டும். மெழுகுத் தாள், தார்பாய், மருந்து ஆகியவற்றுக்கும் மெழுகு தேவை. எனவே தட்டுப்பாடு இயல்பாயிற்று. தமிழ்நாட்டில் 1970இல் அமைந்த சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ, இரும்பு முதலிய மூலப்பொருள்களுடன் பாரபின் மெழுகையும் சிறு தொழிலகங்களுக்கு வழங்கியது. 1978இல் நாடெங்கும் மாவட்டத் தொழில் மையங்கள் தொடங்கின. சிறு முதலீட்டில் தொழில் தொடங்க விரும்பியவர்களுக்கு மெழுகுவத்தி எளிய தொழிலாகத் தெரிந்தது.

தொழில்முறையும் எளிதே. இரண்டாகப் பிரியும் அலுமினிய அச்சில் எண்ணெய் தடவித் திரிநூலை இழுத்துக் கட்ட வேண்டும். உருக்கிய மெழுகை ஊற்றி, அச்சைத் தண்ணீரில் வைத்து ஆற்ற வேண்டும். பிறகு பிரித்தெடுத்து அடியைச் சீவ வேண்டும். வெயில் மிகுந்த ஊரில் வத்தி வளையாமலிருக்கச் சிறிது ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. கருவி ஒன்றுமில்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். ஆனால் மெழுகு கிடைக்காவிட்டால் எதுவும் செய்ய முடியாது. மெழுகை வாங்கி வைத்து, சிறு அளவில் பிரித்து, கடனுக்கும் கொடுத்த வணிகர் ஊருக்கு இன்றியமையாதவர் ஆனது இதனால்தான்.

முன்னிருந்து ஓர் அடி, பின்னிருந்து ஓர் அடி

முன்னிருந்து வந்த அடியை எல்லோரும் அறிவர். கிராமங்களுக்கு மின்சாரம் பரவியது. ஆனால் மின்சாரம் மட்டும் மெழுகுவத்தியை வீழ்த்தவில்லை; நின்று நின்று வரும் மின்சாரம் அதை வளர்க்கவே செய்தது. 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது மெழுகுவத்திக்கு மீண்டும் கிராக்கி உண்டாயிற்று. உண்மையில் வீழ்த்தியவை மலிவான பாட்டரியும் எல்.இ.டி. விளக்கும். இன்வெர்ட்டரும் அவசர விளக்கும் கைக்கு வந்தபின், வத்தி பிறந்த நாளுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் கோயில் வழிபாட்டுக்கும் உரிய பொருளாகச் சுருங்கியது.

பின்னிருந்து வந்த அடியைப் பலர் கவனிக்கவில்லை. புதிய மோட்டார் எஞ்சின்கள் உயர்தர உயவு எண்ணெயைக் கேட்டன. அதைச் செய்ய, ஆலைகள் மெழுகை வடிகட்டி எடுப்பதை விட்டு, வினையூக்கியின் துணையால் மெழுகின் மூலக்கூறுகளையே எண்ணெயாக மாற்றும் முறையைக் கைக்கொண்டன. இம்முறையில் மெழுகு என்ற உடன்விளைவே இல்லை! உலகில் பழைய முறை ஆலைகள் பல, சென்ற இருபது முப்பது ஆண்டுகளில் மூடப்பட்டன. சீனாவும் ஈரானும் மெழுகுச் சந்தையில் பெரிய இடம் பெற்றன. துறைமுகத்தில் இறங்கும் மெழுகைப் பெரும் பணம் உள்ளவர் மொத்தமாக வாங்க முடியும். பத்து இருபது மூட்டை எடுத்து ஊருக்குள் விற்றவரால் அந்த விலை ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாது.

அவர் தம் வாடிக்கையாளரை நன்றாகக் கவனித்தார். யாருக்கு எத்தனை அச்சு, யாருக்கு எவ்வளவு கடன் என்பதை அறிந்திருந்தார். ஆனால் தமக்குச் சரக்குத் தரும் தாய்த்தொழில் எங்கோ தொலைவில் மாறிக்கொண்டிருந்ததை அறிய அவருக்கு வழியில்லை. உடன்விளைவை நம்பிய வணிகத்தின் பலவீனம் இதுதான். தாய்த்தொழில் நலிந்தாலும் சரக்கு நிற்கும். தாய்த்தொழில் முன்னேறினாலும் சரக்கு நிற்கும்.

மலையில் எஞ்சியிருப்பது

இந்த நூற்றாண்டில் தேன்மெழுகுக்கு மறுபடி மதிப்பு ஏற்பட்டுள்ளது. களிம்புகள், அழகுப் பொருள்கள், மருந்துகள், சிற்ப வார்ப்பு, தேனீப் பெட்டிகளுக்கான அடித்தகடு ஆகியவற்றுக்கு அது வேண்டும். ஆமணக்கைப் போலவே இதற்கும் இரண்டாவது பயன் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மலைமக்கள் சேகரித்து விற்கும் உரிமையுள்ள சிறு வனப்பொருள்களின் பட்டியலில் தேனையும் மெழுகையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஆனால் இங்கும் தாய்த்தொழில் ஒன்று உண்டு. அது தேனீயின் தொழில். 1991-92இல் பரவிய ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பான்மையை அழித்தது. பெட்டியில் தேனீ வளர்த்தவர்கள் வெறும் பெட்டியோடு நின்றார்கள். பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயை எவரும் பெட்டியில் வளர்க்க முடியாது. காடு இருந்தால் அது வரும்; பூ இல்லையேல் போய்விடும். இரவில் தீப்பந்தம் கொளுத்தி அடை முழுவதையும் அறுத்தால் புழுக்களும் தேனீக்களும் மடிகின்றன. தேன் இருக்கும் பகுதியை மட்டும் அறுத்து, புழு வளரும் பகுதியை விட்டுவைத்தால் கூட்டம் பிழைக்க வாய்ப்புண்டு. பிழிந்த அடையை எறிந்துவிடாமல் வெந்நீரில் உருக்கித் துணியில் வடித்தால் மெழுகு தனியே மிதந்து உறையும். அதுவும் விற்பனைக்குரிய பொருள்.

தருமபுரி மாவட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு என்று பதிவாகியுள்ளது. பெட்ரோலிய ஆலை தன் முறையை மாற்றுவதை நம்மால் தடுக்க இயலாது. தடுக்க வேண்டியதும் இல்லை. காட்டையும் தேனீயையும் காப்பது நம் கையில் இருக்கிறது. இனி மெழுகு வாங்கும்போதோ, வேறு எந்த மூலப்பொருளை நம்பித் தொழில் தொடங்கும்போதோ, "இதை யார் வாங்குவார்?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். "இது எதன் உடன்விளைவு? அந்தத் தொழில் எந்தத் திசையில் போகிறது?" என்றும் கேளுங்கள்.