கோடைக்கானல் சூரியப் படங்களின் அமைப்பு விவரங்கள்

பழனி மலையிலுள்ள கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் எடுத்த ஒவ்வொரு படமும் எப்போது, எந்தக் கருவியால், எந்த அலைநீளத்தில், எந்தத் திசையில் பதிவானது என்று சொல்லும் தகவல்களே அமைப்பு விவரங்கள் எனப்படுகின்றன. புகைப்படத் தட்டுகள் கணினிக் கோப்புகளாக மாறியபின் இவை கோப்பின் தலைப்பகுதியில் இடம்பெறுகின்றன. ஆய்வு மென்பொருள் இவற்றைப் படித்துத்தான் படத்தை அளக்கிறது. விவரம் பிழையானால் தெளிவான படமும் தவறான முடிவைத் தரும்.

பின்புலம்

சென்னை வானாய்வகத்தின் பணிகள் 1899-இல் கோடைக்கானலுக்கு மாறின. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஆய்வகத்துக்குச் சார்லஸ் மிக்கி ஸ்மித் முதல் இயக்குநர். சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் இங்குதான் கண்டறிந்தார். இன்று ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. கால்சியம் கே நிறமாலைக் கோட்டில் எடுத்த படங்களில் 1907 முதல் 2007 வரையிலான ஒரு நூற்றாண்டுத் தொடர் எண்மியமாக்கப்பட்டுள்ளது.

கருவியின் அமைப்பு

46 செ.மீ. சிடரோஸ்டாட் கண்ணாடி சூரிய ஒளியை ஒரே திசையில் செலுத்த, 30 செ.மீ. லென்சு 60 மி.மீ. அகலமுள்ள சூரிய உருவத்தை உண்டாக்கியது. ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் அதிலிருந்து 3933.67 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தை மட்டும் பிரித்துத் தட்டில் பதித்தது. சிடரோஸ்டாட் வழியே வரும் உருவம் நேரம் செல்லச் செல்லச் சுழலும். ஆகவே தட்டு எடுத்த நேரம் தெரியாமல் சூரியனின் வடக்கு எங்கே என்று கணக்கிட முடியாது. இந்திய நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதால், குறித்தது எந்த நேரம் என்பதையும் ஆவணம் சொல்ல வேண்டும்.

கோப்பின் தலைப்பகுதி

வானியலின் பொதுக் கோப்பு வடிவமான ஃபிட்ஸ் 1981-இல் வெளியிடப்பட்டது. அதன் தலைப்பகுதியில் ஒவ்வொரு வரியும் 80 எழுத்து. புலத்தின் பெயர் அதிகபட்சம் 8 எழுத்து. தொடக்கத்தில் தேதியின் ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களே இருந்தன. நான்கு இலக்க முறை 1997-இல் ஏற்கப்பட்டது. கோடைக்கானல் தொடருக்கு இது இன்றியமையாத மாற்றம்: பழைய முறையில் 1907, 2007 இரண்டுமே 07 என்றுதான் பதிவாகியிருக்கும்.

மென்பொருளில் பயன்பாடு

பைத்தான் மொழியில் எழுதிய சன்பை என்னும் கட்டற்ற மென்பொருள் சூரியப் படங்களைக் கையாள உதவுகிறது. இதில் இருவகை அமைப்புகள் உண்டு. தரவிறக்கக் கோப்புறை, நேர வடிவம் போன்றவை பயனரின் கணினியிலுள்ள அமைப்புக் கோப்பில் இருக்கும். அலைநீளம், படப்புள்ளியின் அளவு, சுழற்சிக் கோணம் ஆகியவை படத்தின் தலைப்பகுதியிலிருந்து வரும். புதிய கருவி ஒன்றின் படங்களை அடையாளம் காண, தனி நிரல்வகுப்பைத் துணைநிரலாக எழுதிச் சேர்க்கலாம்.

அப்படிச் சேர்ப்பவர் ஒவ்வொரு புலத்துக்கும் பெயர், அலகு, மதிப்பின் மூலம், மதிப்பு இல்லாதபோது மென்பொருள் எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்பு ஆகியவற்றை எழுதிவைப்பது அவசியம். இவற்றுள் இயல்பு மதிப்புக்கே கூடுதல் கவனம் தேவை. பார்வையாளரின் இடம் குறிக்கப்படாவிட்டால் சன்பை அதைப் பூமி என்று கொள்ளும். கோடைக்கானல் படத்துக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. சுழற்சிக் கோணம் விடுபட்டால் அது சுழியம் ஆகிவிடும். சூரிய அச்சோ வானத்தின் வடக்கிலிருந்து ஆண்டின் போக்கில் இருபுறமும் சுமார் 26 பாகை வரை சாய்ந்து தெரிகிறது. கோணத்தைத் தவறவிட்டால் புள்ளிகளின் அட்சரேகையே மாறிவிடும்; சூரியச் சுழற்சி குறித்த ஆய்வு பிழையாகும்.

முக்கியத்துவம்

பிரான்சின் மியூடான், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆகிய ஆய்வகங்களிலும் நீண்ட கால்சியம் கே தொடர்கள் உள்ளன. ஓரிடத்தில் மேகம் மறைத்த நாளை மற்றோரிடத்துப் படம் நிரப்பும். நேரம், திசை, அலைநீளம், அலைப்பட்டையின் அகலம் ஆகியவை ஒவ்வொரு தொடரிலும் தெளிவாகப் பதிவாகியிருந்தால் மட்டுமே இந்த இணைப்பு நம்பத்தக்கதாகும். ஆகவே அமைப்பு விவரங்களைத் திருத்திப் பேணுவது, தட்டுகளைப் பாதுகாப்பதற்கு நிகரான அறிவியல் பணி.