பழுதில் பிறந்த ஒலிப் பெட்டி

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். மின்கிதார் வாசிப்பவரின் காலடியை என்றேனும் கவனித்ததுண்டா? உள்ளங்கை அளவுள்ள உலோகப் பெட்டிகள் இரண்டு மூன்று அங்கே கிடக்கும். அவற்றுள் ஒன்றை அவர் பாதத்தால் அழுத்துவார். அதுவரை மணிபோல் ஒலித்த தந்தி உடனே கரகரத்து, நீண்டு முழங்கும். இந்தப் பெட்டிக்குப் பெடல் என்று பெயர். கரகரப்பைத் தரும் வகையை ஃபஸ் என்பர்.

அதனுள் இருப்பவை ஒரு சட்டைப்பை வானொலியில் உள்ளதைவிடக் குறைவான உறுப்புகளே. அவற்றை உதிரியாக வாங்கி நீங்களே இணைத்துவிடலாம். அத்தகைய உதிரித் தொகுப்பைத்தான் கடைகளில் கிட் என்கிறார்கள். ஆனால் சூட்டுக்கோலைக் கையில் எடுப்பதற்கு முன், இப்பெட்டியின் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் இது ஒரு பழுதிலிருந்து பிறந்த கருவி.

கெட்டுப்போன தடம்

ஒலியைப் பெருக்கும் கருவிகளைச் செய்தவர்கள் பல்லாண்டுகளாக ஒரே குறிக்கோளுடன் உழைத்து வந்தனர். உள்ளே செல்லும் ஒலி உருமாறாமல் வெளியே வர வேண்டும் என்பதே அது. உருமாற்றம் என்பது அவர்களுக்குப் பகை.

1960ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டு ஒன்று ஒலிப்பதிவாயிற்று. கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்தி பாஸ் கிதார் வாசித்தார். பல ஒலிவாங்கிகளின் ஒலியை ஒன்றுசேர்க்கும் கலவை மேசையில் ஒரு தடம் பழுதுபட்டிருந்தது. கிதாரின் ஒலி அந்தத் தடத்தின் வழியே சென்றதால், உறுமுவதுபோல் வெளிவந்தது. அதை அழித்துவிட்டு மீண்டும் பதிவு செய்திருக்கலாம். ஆனால் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1961இல் வெளிவந்த அப்பாட்டு பெரும் வெற்றி பெற்றது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மற்றப் பாடகர்களும் அதே ஒலி வேண்டுமென்று கேட்டு வந்தனர். அதற்குள் அந்தத் தடம் முற்றிலும் செயலிழந்துவிட்டது. பழுதுபட்ட கருவி மேலும் பழுதுபட்டால், முதற்பழுதை எங்கே தேடுவது? ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, ஹாப்ஸ் என்ற மற்றொரு பொறியாளருடன் சேர்ந்து, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அந்த ஒலியைச் செயற்கையாக உண்டாக்கினார். கிப்ஸன் நிறுவனம் அதனை 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களும், 3 வோல்ட் தரும் இரண்டு மின்கலங்களும் அதன் உயிர்.

இதை வாங்கினால் கிதாரிலேயே எக்காளத்தையும் செல்லோவையும் ஒலிக்கச் செய்யலாம் என்று விளம்பரம் செய்தார்கள். தொடக்கத்தில் கடைகளுக்குப் போன பெட்டிகள் பெரும்பாலும் தேங்கிக் கிடந்தன. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் சாட்டிஸ்ஃபாக்ஷன் என்ற பாட்டில் இதனைப் பயன்படுத்திய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஸ்னாடியும் ஹாப்ஸும் 1962இல் விண்ணப்பித்த காப்புரிமை கிடைத்ததும் அதே 1965இல்தான்.

கரகரப்பு எப்படி உண்டாகிறது?

கிதார் தந்தியின் அதிர்வு, அதன் அடியிலுள்ள காந்தச் சுருளில் ஏறத்தாழ பத்தில் ஒரு வோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது என்று கொள்வோம். இதனை முந்நூறு மடங்கு பெருக்க முயன்றால் 30 வோல்ட் வரவேண்டும். ஆனால் பெட்டியில் இருப்பது 9 வோல்ட் மின்கலம் ஒன்றே. இருப்பதற்கு மேல் எப்படிக் கொடுக்கும்? எனவே அலையின் முகடும் அகடும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. வளைந்து நெளிந்து சென்ற அலை ஏறக்குறையச் சதுர வடிவம் பெறுகிறது.

அலையின் வடிவம் மாறினால் அதில் புதிய மேற்சுரங்கள் சேர்கின்றன. கிதாரின் ஐந்தாவது தந்தியின் அதிர்வெண் நொடிக்கு 110. முகடும் அகடும் ஒரே அளவில் வெட்டுப்பட்டால் 330, 550 என ஒற்றைப்படை மடங்குகள் வலுப்பெறும். ஒரு பக்கம் மிகுதியாக வெட்டுப்பட்டால் 220, 440 என இரட்டைப்படை மடங்குகளும் சேரும். நம் செவி இவற்றின் கலவையைத்தான் கரகரப்பு என உணர்கிறது. தந்தியின் அதிர்வு ஓரளவு தணிந்த பின்னும் அலை வெட்டுப்படும் அளவுக்குப் பெரிதாகவே இருப்பதால், ஒலி நீண்டு நிற்கிறது.

மேற்சுரங்களைச் சேர்த்து இனிமை காண்பது நமக்குப் புதிதன்று. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு பஞ்சு நூலைச் செருகி நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். நூல் சரியான இடத்தில் நின்றதும் தந்தி ரீங்காரம் செய்யும். தந்தியை எந்த இடத்தில் சுண்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரம் எழாது என்பது மேலைநாட்டு அறிவியலார் கண்ட விதி. தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படாமல் அந்த மேற்சுரத்தையும் ஒலிக்கின்றன என்று 1921இல் எழுதியவர் யார் தெரியுமா? கல்கத்தாவில் ஆய்வு செய்துவந்த சர் சி. வி. இராமன்தான். வளைந்த குதிரையின்மேல் தந்தி பட்டுப்பட்டு அதிர்வதே காரணம் என்று அவர் விளக்கினார். தம்புராவில் இவ்வேலையைக் குதிரை செய்கிறது. பெடலில் டிரான்சிஸ்டர் செய்கிறது. வழிகள் வேறு; விளைவு ஓரினம்.

பதினோர் உறுப்புகள்

1966இல் இலண்டனில் ஐவர் ஆர்பிட்டர் என்பவரின் நிறுவனம் ஃபஸ் ஃபேஸ் என்ற வட்டவடிவப் பெட்டியை வெளியிட்டது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற மேதை அதனைப் புகழ்பெறச் செய்தார். அதன் சுற்றில் இருந்தவை: டிரான்சிஸ்டர் இரண்டு, நிலையான மின்தடை நான்கு, மின்தேக்கி மூன்று, திருகினால் மாறும் மின்தடை இரண்டு. ஆகமொத்தம் பதினொன்று. கிட் செய்வோர் இன்றும் முதற்பாடமாக இதனையே எடுத்துக்கொள்வதற்கு இந்த எளிமையே காரணம்.

அதில் பயன்பட்ட டிரான்சிஸ்டர் வகைகளுள் ஒன்று ஏசி 128. அதே வகையை நம் நாட்டில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் செய்தது. அந்நிறுவனம் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைச் செய்யத் தொடங்கிய ஆண்டு 1962. ஃபஸ்-டோன் வெளிவந்ததும் அவ்வாண்டே அல்லவா! ஏசி 128 வானொலிப் பெட்டிகளில் ஒலிபெருக்கியை இயக்கும் டிரான்சிஸ்டர். ஆகவே ஹென்ட்ரிக்ஸின் பெட்டியில் இருந்த பொருளும், சிற்றூர்களில் வானொலி பழுதுபார்ப்பவர் கழற்றி மாட்டிய பொருளும் ஓரினமே.

வெயில் செய்யும் வேலை

ஆனால் இலண்டனில் நன்றாகப் பாடிய பெட்டி விழுப்புரத்துச் சித்திரை வெயிலில் அப்படியே பாடுமா? பாடாது. காரணத்தைக் கணக்கிட்டே காண்போம்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில், நாம் இடும் கட்டளைக்கு அடங்காமல் சிறிது மின்னோட்டம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இக்கசிவு ஏறத்தாழ இரு மடங்காகும். 25 டிகிரியில் கசிவு 0.1 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால், 35 டிகிரியில் 0.2, 45 டிகிரியில் 0.4 ஆகிவிடும். வெயிலில் கிடக்கும் உலோகப் பெட்டியினுள் 45 டிகிரி என்பது மிகையன்று.

இனி ஃபஸ் ஃபேஸைப் பாருங்கள். அதன் முதல் டிரான்சிஸ்டருக்கு மின்கலத்திலிருந்து 33,000 ஓம் மின்தடை வழியே மின்னோட்டம் வருகிறது. 9 வோல்ட்டை 33,000 ஓமால் வகுத்தால் கிடைப்பது 0.27 மில்லி ஆம்பியர். எவ்வளவு முயன்றாலும் அதற்குமேல் அந்த வழியில் பாய முடியாது. 45 டிகிரியில் கசிவு மட்டுமே அந்த எல்லையைத் தாண்டிவிடப் பார்க்கிறது! பிறகு கட்டளைக்கு இடமேது? இரண்டாவது டிரான்சிஸ்டர் உணவின்றி வாடும்; ஒலி தொண்டை அடைத்ததுபோல் விட்டுவிட்டு வரும்.

சிலிக்கான் டிரான்சிஸ்டரில் கசிவு மிக மிகக் குறைவு. எனவே 1960களின் இறுதியில் ஃபஸ் ஃபேஸும் பிசி 108 போன்ற சிலிக்கான் வகைகளுக்கு மாறியது. வெப்பத் தொல்லை நீங்கியது. ஆனால் ஒலி கூர்மையாயிற்று. பெருக்கம் மிகுந்ததால் அருகிலுள்ள வானொலி நிலையத்தையும் அது பிடித்துப் பாடத் தொடங்கியது! ஒன்றைப் பெற ஒன்றை இழப்பது பொறியியலில் என்றும் உள்ளதே.

மூடிய பெட்டி, திறந்த பெட்டி

பெட்டி எளிமையானது என்றால், போட்டியாளர் பார்த்துச் செய்துவிட மாட்டாரா? இந்த அச்சத்தால் சில தயாரிப்பாளர்கள் சுற்றின்மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடினார்கள். 1994இல் வந்த கிளான் சென்டார் என்ற பெடல் இதற்குப் புகழ்பெற்ற சான்று. சில ஆர்வலர்கள் பொறுமையாகப் பிசினைச் சுரண்டி, உறுப்புகளை ஒவ்வொன்றாக அளந்து, சுற்றை வரைந்து யாவருக்கும் வழங்கிவிட்டனர்.

இதற்கு நேர்மாறான மரபும் உண்டு. அமெரிக்காவின் ஹீத் நிறுவனம் 1947 முதல் அளவைக் கருவிகளைக் கிட்டாக விற்றது. இணைப்பு நூலைப் படித்துக்கொண்டே எண்ணற்றோர் மின்னணுவியல் கற்றனர். 1975இல் கிரெய்க் ஆண்டர்டன் இசைக்கலைஞர்களுக்கென்றே மின்னணுச் செய்முறை நூல் ஒன்றை எழுதினார். நம் நாட்டிலும் 1969 முதல் எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ இதழ் செய்துபார்க்கும் சுற்றுகளை வெளியிட்டு வந்தது.

கிட் மலிவு என்பதற்காக அதனைப் பரிந்துரைக்கவில்லை. ஆயத்தமான பெடல்களும் இன்று மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் அது கெட்டால், கெட்டது எதுவென்று உங்களுக்குத் தெரியாது, தூக்கி எறிவீர்கள். நீங்களே செய்த பெட்டி கெட்டால், அதன் பதினோர் உறுப்புகளில் எங்கே தேடுவது என்பது தெரியும். சந்தைக்கு வந்த பொருளை விலை கொடுத்து வாங்குவோராக மட்டுமே நம் இளைஞர்கள் நின்றுவிடுவதா, அல்லது திறந்து பார்த்து மாற்றியமைப்போராக வளர்வதா என்பதே கேள்வி. பழுதை எறியாமல் ஆராய்ந்ததால் அல்லவோ இப்பெட்டியே பிறந்தது!

நீங்கள் தொடங்கும்போது

திண்டிவனத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 120 கிலோமீட்டர்; விழுப்புரத்திலிருந்து 160. சென்னை ரிச்சி தெருவுக்கு ஒருமுறை சென்றால் வேண்டிய உறுப்புகளில் பெரும்பாலானவற்றை வாங்கி வந்துவிடலாம். முதன்முறை சிலிக்கான் டிரான்சிஸ்டரையே பயன்படுத்துங்கள். 9 வோல்ட் மின்கலம் போதும். வீட்டு மின்சாரத்தின் பக்கம் போக வேண்டாம். எலெக்ட்ரோலிட்டிக் வகை மின்தேக்கியின் நேர், எதிர் முனைகளையும், டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் இருமுறை சரிபாருங்கள். இணைத்து முடித்ததும் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் மின்னழுத்தத்தை அளங்கள். மின்கலத்தில் பாதி, அதாவது ஏறத்தாழ 4.5 வோல்ட் இருந்தால் முகடும் அகடும் அசைய இடம் இருக்கிறது என்று பொருள். இல்லையேல் அங்குள்ள 8,200 ஓம் மின்தடைக்குப் பதிலாகத் திருகினால் மாறும் மின்தடை ஒன்றை வைத்துச் சரிசெய்யலாம்.

பழைய வானொலி ஒன்றிலிருந்து ஏசி 128 கிடைத்தால் அதனையும் விடாதீர்கள். அதற்கு மின்கலத்தின் முனைகளை மாற்றி இணைக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். மார்கழி விடியலில் ஒருமுறையும், அக்கினி நட்சத்திரத்து நண்பகலில் ஒருமுறையும் அதே 4.5 வோல்ட் இடத்தை அளந்து, வெப்பநிலையுடன் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இரா. அவற்றின் வேறுபாடு, ஜெர்மானியத்தைப் பற்றி எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாக உங்களுக்குச் சொல்லும்.