தியாகராய நகர்: நினைவில் நின்ற ஊரும் நினைவில் நில்லாத ஏரியும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். அகப்பாடலுக்கு மட்டுமன்றி, மனிதர் தம் இளமையை நினைந்து பேசும் பேச்சுக்கும் இவ்விலக்கணம் பொருந்துகிறது. பிறந்து வளர்ந்த ஊரைவிட்டு நீங்கியவர் இருவர் சந்தித்தால், முதலில் எழும் வினா, ‘நீங்கள் எந்தத் தெரு?’ என்பதே. அடுத்து, ‘எந்த ஆண்டு வரை அங்கே இருந்தீர்கள்?’ என்பர். நிலமும் பொழுதும் அமைந்த பின்னரே மரமும் கிணறும் மனிதரும் பேச்சில் வருகின்றனர்.

சென்னைத் தியாகராய நகரிலும் அதனை அடுத்த மேற்கு மாம்பலத்திலும் வளர்ந்து, பின்னர் வேறிடங்களுக்குப் பெயர்ந்தோர் பலருடைய நினைவுகளைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நானும் அவர்களுள் ஒருத்தி. கேட்கக் கேட்க ஓர் உண்மை தெளிவாயிற்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைப் பருவத்து ஊரையே ‘உண்மையான ஊர்’ என்று கருதுகிறது. பின்வந்த மாற்றங்களையெல்லாம் சிதைவு என்கிறது. ஆனால் அந்த ஊரே மிகப் பெரிய மாற்றம் ஒன்றினால் பிறந்தது என்பதை எவரும் நினைவுகூர்வதில்லை. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரி இருந்த காலம்

இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோட்டிற்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்தது ஒரு பேரேரி. அதன் நீளம் கருதியே ஆங்கிலேயர் அதனை ‘லாங் டாங்க்’ என்றனர். வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி என்றும், தென்பகுதி மயிலாப்பூர் ஏரி, மாம்பலம் ஏரி என்றும் வழங்கப்பெற்றன. பாசனத்திற்கென அமைந்த இவ்வேரியில் நீர் நிறைந்த காலங்களில் ஆங்கிலேயர் படகுப் போட்டிகளும் நடத்தினர். மாம்பலம் அன்று நகரின் பகுதியன்று; ஏரிக்கரைச் சிற்றூர்.

ஏரி தோண்டுதலை அரசனின் தலையாய கடமையாகச் சொன்ன மரபு நம்முடையது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார் வேண்டியது பொன்னன்று, நீர்நிலை. நிலன் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்குக என்னும் கருத்தமைந்த அப்பாடல் புறநானூற்றில் 18ஆம் பாடலாக உள்ளது. அத்தகைய மரபில் வந்த நாம், இருபதாம் நூற்றாண்டில் ஓர் ஏரியைத் தூர்த்து அதன்மேல் நகர் கண்டோம்.

நகர் பிறந்த கதை

சென்னையின் மக்கள்தொகை பெருகிற்று. ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் நெருக்கடி மிகுந்தன. 1920இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1923ஆம் ஆண்டளவில் மாம்பலம் ஏரியை வடித்து மண்ணிட்டு நிரப்பும் பணி தொடங்கியது. ஏரிப்படுகையில் அகன்ற சாலைகளும் பூங்காக்களும் மனைகளும் வகுக்கப்பட்டன. நீதிக்கட்சியை நிறுவியோருள் ஒருவரும் சென்னை மாநகராட்சித் தலைவராக விளங்கியவருமான பிட்டி. தியாகராயச் செட்டியார் 1925இல் மறைந்தார். அவர் பெயரே புதிய நகருக்கு நிலைத்தது.

புதிய ஊருக்கு உயிரூட்டியது இருப்புப்பாதை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலத்தில் குடியிருந்து கோட்டைப் பக்கம் சென்று அலுவல் பார்ப்பது எளிதாயிற்று. எழுத்தர், ஆசிரியர், வழக்குரைஞர் ஆகிய நடுத்தர வகுப்பார் வந்து குடியேறினர். அதே பாதை ஊரை இரண்டாகவும் பிரித்தது. கிழக்கே திட்டமிட்ட நகர். மேற்கே பழைய சிற்றூரின் வழியே வளர்ந்த குறுகிய தெருக்கள். கிழக்கில் மனையுடையார் மிகுந்தனர். மேற்கில் வாடகைக்கு இருப்போர் மிகுந்தனர். நினைவுகளிலும் இவ்வேறுபாடு தெரிகிறது.

பெயர்களில் வாழும் வரலாறு

தியாகராய நகரின் தெருப்பெயர்களை வரிசைப்படுத்தினாலே நீதிக்கட்சியின் வரலாற்றை ஓரளவு எழுதிவிடலாம். பனகல் பூங்கா, 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் அரசரை நினைவூட்டுகிறது. நடேசன் பூங்கா, 1914இல் திருவல்லிக்கேணியில் மாணவர்க்கெனத் திராவிடர் இல்லம் கண்ட டாக்டர் நடேச முதலியாரின் பெயர் தாங்கியது. உஸ்மான் சாலை, 1934இல் சென்னை மாகாணத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்த முகம்மது உஸ்மானின் பெயரால் அமைந்தது. பாண்டி பஜார் என்பது, 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனாரின் பெயர் சுருங்கி வழங்குவதே என்பது பெருவழக்கான விளக்கம்.

பெயர்களும் மாறின. ஹென்ஸ்மன் சாலை கண்ணதாசன் சாலையாயிற்று. அங்கேதான் கவிஞரின் இல்லம் இருந்தது. தெருப்பெயர்களில் சாதிப் பின்னொட்டை நீக்கும் ஆணை 1970களின் இறுதியில் வந்தபோது, டாக்டர் நாயர் சாலை வெறும் ‘டாக்டர் சாலை’யாக எழுதப்பட்டது. சாதி ஒழிய வேண்டியதே. ஆனால் சாதி ஆதிக்கத்தை எதிர்த்து இயக்கம் கண்ட டி.எம். நாயரின் பெயரே அவ்வாறு மறைந்தது வரலாற்றின் நகைமுரண்.

இப்பெயர்களுக்கிடையே வேறு சில பெயர்களும் உண்டு. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’, ‘டாங்க் பண்டு ரோடு’. ஏரியைப் பார்த்த தெரு, ஏரிப்பகுதி, ஏரிக்கரைச் சாலை என்பன இவற்றின் பொருள். இன்று அத்தெருவில் நின்று பார்த்தால் தெரிவன மாடிக் கட்டடங்களே. தலைவர்களின் பெயர்களை மக்கள் வைத்தனர். இப்பெயர்களை ஏரி விட்டுச்சென்றது எனலாம். நுங்கம்பாக்கத்தில் எஞ்சிய ஏரிப்பகுதி ஒன்றின்மேல்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பெற்றது.

மூன்று தலைமுறை நினைவுகள்

1930களில் சிறுமியாக இங்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம் முதுமையில் என்னிடம் கூறிய செய்திகள் இவை. அவருடைய தந்தையார் மனை வாங்கியபோது மயிலாப்பூர் உறவினர், ‘ஏரிக்குள்ளே போய் வீடு கட்டுகிறானே’ என்று எள்ளினராம். மழைக்காலத்தில் இரவெல்லாம் தவளைச் சத்தம். திண்ணை வரை பாம்பு வரும். மாம்பலம் நிலையத்திலிருந்து ஜட்கா வண்டி. கிணற்றில் கைக்கெட்டும் ஆழத்தில் நீர். அந்த அமைதியான ஊர் 1950களில் வீடுகள் நெருங்கியதும் ‘போய்விட்டது’ என்பது அவர் கருத்து.

அவர் போய்விட்டது என்று வருந்திய 1950களே, அடுத்த தலைமுறைக்குப் பொற்காலம். அக்காலத்தில் சிறுவராயிருந்த வங்கி அலுவலர் ஒருவர், ரங்கநாதன் தெருவில் பந்து விளையாடியதைச் சொல்லும்போது இன்றைய இளைஞர் நம்ப மறுக்கின்றனர். அது குடியிருப்புத் தெருவாகவே இருந்தது. மாலையில் பூங்கா வானொலி. வாணி மகாலில் இசையும் நாடகமும். சாலையின் இருமருங்கும் தூங்குமூஞ்சி மரங்கள். கோடம்பாக்கத்துப் படப்பிடிப்பு நிலையங்களின் அண்மையால் கலைஞர் பலர் இங்கு வாழ்ந்தனர். பாவேந்தர் பாரதிதாசன் தம் இறுதிக் காலத்தில் இராமன் தெருவில் குடியிருந்தார். திருமலைப் பிள்ளை சாலை இல்லத்தில் 1975 அக்டோபர் 2 அன்று காமராசர் மறைந்தபோது கூடிய கூட்டத்தில் தாமும் நின்றதை அவர் கண்கலங்கக் கூறினார். கடைகள் பெருகிய பின்னரே ஊர் கெட்டது என்பது அவர் முடிவு. நடைபாதை வணிகரைப் பற்றி அவர் பேசிய சொற்கள் கடுமையானவை.

மூன்றாவது தலைமுறை என்னுடையது. 1980களில் மேற்கு மாம்பலத்தில் ஆறு குடித்தனங்களுக்கு ஓர் அடிபம்பு உள்ள வீட்டில் வளர்ந்தேன். விடியற்காலையில் பம்பின் ஓசை, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் நெகிழிக் குடங்கள், நகர் முழுதும் பெயர்பெற்ற மாம்பலத்துக் கொசு, மாதச் சந்தாவுக்குப் புத்தகம் தரும் சிறு வாடகை நூலகம் ஆகியவை என் நினைவுகள். பள்ளிச் சீருடைக்கும் தீபாவளித் துணிக்கும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரங்கநாதன் தெரு நெரிசலில் நுழைந்ததே எனக்குத் திருவிழா. முன்னவர் வெறுத்த நெரிசலை நான் விரும்பினேன். 2013இல் பாண்டி பஜார் நடைபாதைக் கடைகள் தனிக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டபோதும், 2019இல் அச்சாலை நடைபாதை வளாகமாக அழகுபெற்றபோதும், என் ஊர் போய்விட்டதென்று வருந்தினேன். இன்று அந்தப் புதிய நடைபாதையில் ஓடி விளையாடும் குழந்தை, நாளை அது மாறும்போது வருந்தும்.

எங்கள் குடும்பம் 1998இல் அவ்வூரைவிட்டு நீங்கியது. வீட்டுக்காரர் மனையை அடுக்குமாடி கட்டுவோரிடம் ஒப்படைத்தார். ஆறு குடித்தனங்களும் மூன்று திங்களில் கலைந்தன. விற்றவருக்கு விலை கிடைத்தது. வாடகைக்கு இருந்தோருக்கு நினைவு மட்டுமே கிடைத்தது. நெடுங்காலம் இதனை ஒரு வழக்காகவே மனத்துள் நடத்திவந்தேன்.

நினைவில் இடம்பெறாதோர்

அவ்வழக்கில் எனக்கெதிராகவே ஒரு சான்று உண்டென்பதைப் பின்னரே உணர்ந்தேன். எங்களை வெளியேற்றியது புதிய கட்டடம் என்றால், நாங்கள் வந்து குடியேறிய ஊர் எதனை வெளியேற்றியது? ஏரியை நம்பி உழுதவர், அதில் மீன்பிடித்தவர், கரையில் மாடு மேய்த்தவர் எங்கே சென்றனர்? ஏரியை மண்ணிட்டு நிரப்பிய கூலியாட்கள் யாவர்? தலைமுறை மூன்றின் நினைவுகளிலும் அவர்கள் இல்லை. மனைக்கு உரியவர் எழுதினர்; வாடகைக்கு இருந்தவர் பேசினர்; ஏரிக்கு உரியவர் எழுதவுமில்லை, பேசுவதைக் கேட்பாரும் இல்லை. நாமும் ஒரு காலத்தில் வந்தேறியவரே என்னும் உணர்வு வந்தபின், புதியவர்மேல் இருந்த சினம் எனக்குக் குறைந்தது. இழப்பின் வருத்தம் குறையவில்லை.

தியாகராய நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அசோகமித்திரன், 1970களின் தொடக்கத்தில் ‘தண்ணீர்’ என்னும் நாவலை எழுதினார். சென்னையின் நீர்ப்பஞ்சத்தில் குடத்தோடு அலையும் பெண்களின் கதை அது. ஏரியைத் தூர்த்து எழுந்த ஊரில் வாழ்ந்த ஓர் எழுத்தாளர், அரை நூற்றாண்டு கழிவதற்குள் தாகத்தை எழுத நேர்ந்தது. அந்நாவலைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எங்கள் அடிபம்பின் வறண்ட ஓசை என் காதில் கேட்கும். அந்த ஓசைக்கும் பழைய ஏரிக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகள் நான் எண்ணிப்பார்த்ததில்லை.

நீர் திரும்பிய நாள்

மனிதர் மறந்ததை நீர் மறக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்கள் மீண்டும் நீரில் நின்றன. வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி நந்தனம் வழியே அடையாற்றில் கலக்கும் மாம்பலம் கால்வாயில் நீர் வடிய வழியில்லை. தூர்த்த ஏரியின் தாழ்ந்த படுகையை நாடி மழைநீர் வந்தது இயல்பே.

வெள்ளம் வடிந்தபின் பழைய தெருவைப் பார்க்கச் சென்றேன். தரைத்தளத்தில் இன்னும் வாழும் பாட்டியார் ஒருவர் நனைந்த மெத்தையை வெயிலில் இட்டுக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்ல முனைந்தபோது அவர் சொன்னார்: “ஏரி வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான். அது வீடுதானேம்மா இது?” எத்தனையோ ஆவணங்களிலிருந்து நான் தொகுத்த செய்தியை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். ஆனால் அந்த மெத்தை உலர மூன்று நாளாயிற்று. அவருக்கோ எண்பது வயது. பிழை செய்தவர் வேறு, துன்புறுபவர் வேறு என்பதையும் மறத்தல் ஆகாது.

நிறைவாக

ஊர் மாறுவதைத் தடுக்க இலக்கியத்தால் இயலாது. ஏரி இருந்திருந்தால் இம்மூன்று தலைமுறையும் அங்கே வளர்ந்திரா, இக்கட்டுரையும் எழுதப்பட்டிராது. ஆயினும், இழந்த ஊரைப் பாடும் கவிஞர், தம் நினைவு எங்கே தொடங்குகிறதோ அங்கேயே ஊரும் தொடங்கியதெனக் கொள்ளுதல் தகாது. தமக்கு முன் அவ்விடத்தில் யார் இருந்தார், என்ன இருந்தது என ஒரு முறையேனும் கேட்டல் வேண்டும். அக்கேள்வியோடு எழும் கவிதையில் ஏக்கம் இருக்கும். அதனோடு நேர்மையும் இருக்கும்.

நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்கிறது. இவ்வேளையில் உறுப்பினர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று. தத்தம் தெருவின் பழைய பெயர், அருகிருந்த குளம் அல்லது ஏரியின் பெயர், கிணற்றில் நீர் நின்ற ஆழம் ஆகிய மூன்றையும் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வாடகைக்கு இருந்தோரையும் வேலைக்கு வந்துபோனோரையும் மறவாது கேளுங்கள். நம் அடுத்த மலரில் கவிதைகளோடு இக்குறிப்புகளும் இடம்பெறுமாயின், இம்மலரைக் காட்டிலும் அது சிறக்கும். சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். என்னிடம் தவளைச் சத்தத்தைச் சொன்ன ஆசிரியை இப்போது இல்லை.