தனிப்பந்தி

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற்பேராசிரியராக 1915ஆம் ஆண்டு பொறுப்பேற்றவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். அவர் தம் மாணவரை நூலகத்தோடு நிறுத்திவிடவில்லை. அவரவர் ஊருக்கு அனுப்பி, வீடு, நிலம், கடன், உணவு ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அந்தக் கணக்குகள் 1918இல் நூலாயின. இந்நகரத்துப் பொருளியல் அவ்வாறு தெருவில் நடந்து பழகிய கல்வி. வீடு வீடாக எண்ணப் பழகியவர், எண்ணிக்கையில் விடுபட்டவர் யார் என்றும் கேட்கக் கற்கிறார்.

1947 ஆகஸ்டு 15 அன்று, மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை அருட்சகோதரிகள் மயிலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கினர். பின்னர் அது கதீட்ரல் சாலைக்குப் பெயர்ந்தது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜெமினி மேம்பாலத்தருகே லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் இருக்கிறது. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கு அங்கே அருட்சகோதரிகள் நெடுங்காலமாகக் கல்வி அளித்து வருகின்றனர். அடையாற்றில் 1969இல் பால வித்யாலயாவும், 1985இல் இன்று கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என வழங்கும் நிறுவனமும் தோன்றின. இவ்விரண்டும் பிள்ளைகளுக்குக் கற்பித்ததோடு ஆசிரியர்களையும் பயிற்றுவித்தன. பொருளியலும் சிறப்புக் கல்வியும் இவ்வளவு அருகருகே வளர்ந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி நேராக அமையவில்லை.

சட்டமே அதை இரண்டாக வகுத்தது. சிறப்பாசிரியர் பயிற்சி, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் கீழ் வந்தது. பொது ஆசிரியர் பயிற்சியோ 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திடம் சென்றது. தமிழ்நாட்டில் வேறொரு முடிச்சும் உண்டு. 1978இல் மேனிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தபோது பொருளியல் அங்கே தனிப்பாடமாயிற்று. அதைக் கற்பிப்பவர் முதுகலைப் பட்டதாரியாக இருத்தல் வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் பொருளியல் பகுதி இருந்தும், அதைக் கற்பிக்கும் பணி வரலாறு, புவியியல் பட்டதாரிகளுக்கே உரியதாயிற்று. எனவே, பொது பி.எட். சேரப் பொருளியலாருக்கு இளங்கலை போதாது, முதுகலை வேண்டும் என்னும் விதி நெடுங்காலமாக இருந்து வருகிறது. சிறப்புக் கல்வி பி.எட். படிப்புக்கோ எந்தப் பட்டமும் போதும். பி.ஏ. பொருளியல் முடித்த பெண் சிறப்பாசிரியராக வந்து ஒரு பார்வையற்ற சிறுவனுக்குத் துணை செய்யலாம். அவன் மற்றவர்களோடு அமர்ந்திருக்கும் வகுப்பின் ஆசிரியராகப் பயிற்சி பெற அவளுக்கு இடமில்லை!

இதில் எனக்கு வியப்பளிப்பது, பொருளியலே இப்பணிக்கு நல்ல முன்பயிற்சி என்பதுதான். 1979இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரையில் அமர்த்தியா சென், எதில் சமத்துவம் என்ற கேள்வியை எழுப்பினார். உடற்குறையுள்ள ஒருவருக்கும் மற்றொருவருக்கும் ஒரே அளவு பணம் கொடுத்தால் இருவரும் ஒரே வாழ்வைப் பெறுவதில்லை என்று காட்டினார். இதை வகுப்பறைக்குள் கொண்டு வாருங்கள். எல்லாருக்கும் ஒரே நூல், ஒரே பலகை, ஒரே மூன்று மணி நேரத் தேர்வு என்பது சமத்துவம் ஆகாது. இக்கருத்தைப் படித்துத் தெளிந்தவரை வாசலிலேயே நிறுத்திவைக்கிறோம்.

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்துப் பெருவிருந்து உவமையில், வீட்டுத்தலைவர் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அதே வீட்டுக்குள் அழைக்கிறார்; வேறிடத்தில் தனிப்பந்தி வைக்கவில்லை. நம் சகோதரிகள் தனிப்பள்ளி நடத்தியது பிழையென்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பிற பள்ளிகள் கதவடைத்த காலத்தில் அவை திறந்திருந்தன. காது கேளாதோர் பலர், தங்கள் சைகைமொழி தழைத்த இடம் அத்தகைய பள்ளிகளே என்று இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர்.

1994இல் சலமான்காவில் உலக நாடுகள் கூடி, பொதுப் பள்ளியே எல்லாப் பிள்ளைகளுக்குமான இடம் என்று அறிவித்தன. நம் நாட்டிலும் 1995, 2016ஆம் ஆண்டுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்கள் வந்தன. 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, அனைவரையும் உள்ளடக்கும் பள்ளி பற்றிய பாடத்தையும் அதில் சேர்த்தன.

ஆயினும் கணக்கு இன்னும் கடினமானதே. இளங்கலை மூன்றாண்டு, முதுகலை இரண்டு, பி.எட். இரண்டு, ஆக ஏழு ஆண்டுகள். சிறப்புக் கல்வி வழியில் ஐந்து. பட்டம் பெற்ற மகளுடன் பங்கு இல்லத்துக்கு வரும் பெற்றோருக்கு இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதுண்டு. வாய்ப்புச் செலவு என்று பொருளியலார் சொல்வதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏழு என்ற எண்ணைப் பார்த்ததும், வீட்டில் இளையவள் ஒருத்தி இருக்கிறாள் என்கிறார் தாய்.